பத்தாம் வகுப்பும் பர்ளான தொழுகையும்

ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால் நமது மஹல்லாக்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். அதுவரை காலையில் ஓதப்பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் உயரமான சிலரைக் காணோம். உஸ்தாது அவர்கள் விசாரித்தால், "பத்தாம் வகுப்புக்கு வந்துட்டான் ஹள்ரத். காலையிலே டியூஷன் இருக்கு. பரீட்சை முடியட்டும், அனுப்பி வைக்கிறோம்" என்று பதில் வருகிறது. சொல்கிறவர் மார்க்கப் பற்று இல்லாதவர் அல்லர். ஜமாஅத்துத் தொழுகைக்கு முன் வரிசையில் வந்து நிற்கிறவராகவே பெரும்பாலும் இருப்பார்.

அதே வீட்டில் சுப்ஹு நேரத்தில் இன்னொரு காட்சி. இரவு 12 மணி, 1 மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளை அயர்ந்து தூங்குகிறது. பாங்கு சொல்லப்படுகிறது. தாயார் அறைக் கதவருகே போகிறார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். "பாவம், தூங்கட்டும், இன்னிக்கு வேற பரீட்சை இருக்கு" என்று சொல்லிக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுத் தாம் மட்டும் தொழப் போகிறார். ஆறு மணிக்கு டியூஷனுக்கு நேரமாகிறதென்று அதே தாயார் அதே பிள்ளையைத் தட்டி எழுப்பவும் தவறுவதில்லை.

இதைக் குற்றமாகச் சுட்டிக் காட்டுவதற்காக நாம் எழுதவில்லை. பிள்ளைமீதுள்ள பாசம்தான் அப்படிச் செய்யச் சொல்கிறது. ஆனால் எந்த வருஷத்தில் நாம் இந்தச் சலுகையைக் கொடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குழந்தை பருவமடையும் வரை அதன் செயல்களை எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். அந்தப் பேனா எப்போது கீழே இறங்குகிறது? ஆண் பிள்ளைக்கு விந்து வெளியாவதாலும், பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வருவதாலும் பருவம் நிச்சயமாகிறது. இந்த அடையாளங்கள் எதுவும் தோன்றாவிட்டாலும், 15 வயது நிரம்பிவிட்டால் அந்தப் பிள்ளை பாலிகான பிள்ளைதான். ஷாபிஈ மத்ஹபின் சட்டம் இது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் சொல்லும் இதுவே. ஃபத்வாவும் அதன்மீதே இருக்கிறது.

இந்த 15 வயதுக்கு ஆதாரமாக ஹள்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை இமாம்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். உஹதுப் போரின்போது அவர்களுக்கு வயது 14. போருக்கு வர விரும்பி நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் நின்றார்கள், அனுமதி கிடைக்கவில்லை. அகழ்ப் போரின்போது வயது 15. அப்போது அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டபோது, சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையிலுள்ள எல்லை இதுவே என்று சொல்லித் தம் ஆளுநர்களுக்கு எழுதி அனுப்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மார்க்கம் சொல்லும் 15 வயது பிறைக் கணக்கில் வரும் 15 வயது. பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள ஆங்கிலத் தேதிப்படி பார்த்தால், ஏறக்குறைய 14 வருஷம் 6½ மாதத்திலேயே அது நிரம்பிவிடுகிறது. 5 வயது நிரம்பி முதல் வகுப்பில் சேர்ந்து தடையில்லாமல் படித்துவரும் பிள்ளை, பத்தாம் வகுப்புப் பரீட்சை மண்டபத்தில் போய் உட்காரும்போது இந்த எல்லையைத் தாண்டித்தான் உட்காருகிறது. இது கடைசி எல்லை. அடையாளங்கள் தோன்றி ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே பாலிகாகிவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆகவே, "இந்த ஒரு வருஷம் போகட்டும்" என்று நாம் சொல்லும் வருஷம், பிள்ளையின் கணக்கு திறந்த பிறகு வரும் வருஷம். ஏழு வயதில் அவனைத் தொழச் சொன்னோம், அது பழக்கத்துக்காக. பத்து வயதில் கண்டித்தோம், அதுவும் பழக்கத்துக்காகவே. பழக்கம் எந்த நாளுக்காக உண்டாக்கப்பட்டதோ அந்த நாள் வந்ததும் விட்டுவிடச் சொல்கிறோம். பயிர் வளர்த்தவன் அறுப்பு நாளில் வயலுக்குப் போகாமல் இருப்பதுண்டா?

ஒரு பிறை வருஷத்துக்கு 354 நாள். நாளுக்கு ஐந்து வேளை என்றால் 1770 தொழுகைகள். பத்தாம் வகுப்போடு இது நிற்பதும் இல்லை. அதற்குப் பின் பதினொன்று, பன்னிரண்டு என்று சலுகை நீண்டால் மூன்று வருஷத்தில் 5310 தொழுகைகள் அந்தப் பிள்ளையின் தலையில் கடனாக நிற்கின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நாம் சேர்த்துக் கொடுத்தனுப்பும் கடன் இது. வங்கிக் கடனென்றால் எத்தனை இரவு தூக்கமில்லாமல் கிடப்போம்!

பள்ளிக்கூட நேரமும் தொழுகை நேரமும்

"பள்ளிக்கூடத்தில் எப்படித் தொழுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் லுஹர் நேரம் 12 மணியை ஒட்டியோ அதற்கு அரை மணி பின்னரோ நுழைந்துவிடுகிறது. அஸரின் நேரம் எந்த மாதத்திலும் மூன்று மணிக்கு முன் நுழைவதில்லை. ஆகவே பகல் சாப்பாட்டு இடைவேளை லுஹருடைய நேரத்துக்குள்தான் விழுகிறது. நான்கு ரக்அத் பர்ளுக்கு ஏழெட்டு நிமிஷம் போதும். சுத்தமான ஒரு மூலை, ஒரு துண்டு, குழாய்த் தண்ணீர், இவ்வளவுதான் தேவை. தந்தை ஒருமுறை தலைமையாசிரியரை நேரில் போய்ப் பார்த்து மரியாதையாகக் கேட்டால், அவர் எந்த மதத்தவராயினும் பெரும்பாலும் மறுப்பதில்லை. நாம்தான் கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள்" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம்.

பொதுப் பரீட்சை காலை 10 மணிக்குத் தொடங்கிப் பகல் 1¼ மணிக்கு முடிகிறது. வெளியே வந்த பிறகும் லுஹருக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் பரீட்சை வந்தால்தான் ஆண் பிள்ளைகளுக்குச் சிக்கல். ஊரில் எந்தப் பள்ளிவாசலில் குத்பா சற்றுத் தாமதமாக நடக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு, தந்தை வாகனத்தோடு வாசலில் காத்திருக்கலாம். அவ்வளவு முயன்றும் ஜும்ஆ கிடைக்காமற் போனால் லுஹர் நான்கு ரக்அத் தொழ வேண்டும். இரண்டும் இல்லாமல் வீட்டுக்கு வந்து கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கூடாது.

நோன்பின் நிலையும் இதுவே. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சை ரமலான் மாதத்திலேயே வந்தது. ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னோக்கி வருவதால், வேறு வேறு பரீட்சைகளோடு அது சந்தித்துக்கொண்டேதான் இருக்கும். பாலிகான பிள்ளைக்குப் பரீட்சை என்பது மட்டுமே நோன்பை விடுவதற்குக் காரணமாகாது. இரவில் நிய்யத்து வைத்து, ஸஹர் செய்து, நோன்போடு போகட்டும். உண்மையாகவே தாங்க முடியாத நிலை ஏற்பட்டுவிட்டால் நோன்பைத் திறந்துகொள்ளவும் பிறகு கழாச் செய்யவும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. வரப்போகும் களைப்பைப் பயந்து முதல் நாளே விட்டுவிடுவது வேறு.

சொல்லாமல் விட்ட பாடம்

ஓதப்பள்ளியிலிருந்து பிள்ளையை இந்த வயதில் நிறுத்துவதில் இன்னொரு பெரிய நஷ்டம் இருக்கிறது. கலிமாவும் சின்னச் சூராக்களும் ஒளுவின் பர்ளுகளும் அவன் ஓதிவிட்டான். கடமையான குளிப்பு என்னும் பாடம் அவனுக்குத் தேவைப்படும் நேரத்தில் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான். வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. தந்தைக்கு வெட்கம், மகனுக்கு அதைவிட வெட்கம். தூக்கத்தில் தனக்கு நேர்ந்தது என்னவென்று தெரியாமல், அது நோயோ பாவமோ என்று பயந்துகொண்டு, குளிப்பு கடமையானதை அறியாமலே தொழுகையில் போய் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர், தாம் அசுத்தமானவர் என்ற கூச்சத்தினால் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். "நல்லாத் தொழுதுகிட்டிருந்த பிள்ளை, திடீர்னு நிறுத்திட்டானே" என்று வாப்பா வருந்துகிறார். காரணம் அவர் சொல்லித் தராத ஒரு பாடத்தில் இருக்கலாம்.

நாயகத் தோழியர் இப்படி வெட்கப்படவில்லை. ஹள்ரத் உம்மு சுலைம் (ரலி) அவர்கள், சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டு, தூக்கத்தில் பெண்ணுக்கு நேர்வதைப் பற்றியே நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் முகம் சுளிக்காமல் சட்டம் சொன்னார்கள். அந்த அம்மையார்தான் சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நாயகத்தின் பணிக்கு ஒப்படைத்த தாயார் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

அத்தா என்றாலும் வாப்பா என்றாலும், மகனைத் தனியே அழைத்துப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய செய்திதான் இது. இது இயற்கை, பாவமன்று. இன்று முதல் நீ பெரியவன். இது நேர்ந்தால் குளிப்புக் கடமை. நிய்யத்தோடு உடம்பு முழுவதும், தலைமுடியின் அடிவரை தண்ணீர் படவேண்டும். ஹனஃபிகளாக இருந்தால் வாய் கொப்பளிப்பதும் மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துவதும் குளிப்பின் பர்ளுகள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷாபிஈகளுக்கு அவை இரண்டும் சுன்னத்து, நிய்யத்து பர்ளு. வெட்கம் மிகுதியானால் உஸ்தாதிடமோ தாய்மாமனிடமோ பொறுப்பைக் கொடுக்கலாம். பொறுப்பை யாரிடமும் கொடுக்காமல் இருப்பதே தவறு. இன்று கைப்பேசி அதைச் சொல்லித்தரக் காத்திருக்கிறது. அது சொல்லித்தரும் விதத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளையின் விஷயத்தில் தாய்மார்கள் ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பாதி சொல்கிறார்கள். அந்த நாட்களில் தொழக்கூடாது என்று சொல்லும் தாய், விட்ட தொழுகைகளுக்குக் கழா இல்லை, விட்ட நோன்புகளுக்குக் கழா உண்டு என்பதைச் சொல்ல மறக்கிறார். இந்தச் சட்டத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். பதின்மூன்று வயதில் பருவமடைந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக இதைக் கேள்விப்பட்டு, "இத்தனை வருஷத்து நோன்பை எப்படிக் கணக்கிடுவது?" என்று அழுதவர்களை நாம் அறிவோம். மாதவிலக்கு நின்றதும் குளித்து அந்த வேளையிலிருந்தே தொழவேண்டும் என்பதும், பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் மாலை வரை தள்ளிப்போடக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியவேண்டும்.

வளர்ந்த பிள்ளையிடம் பேசும் முறை

பத்து வயதில் தொழாவிட்டால் அடித்துக் கண்டிக்கலாம் என்ற கருத்துள்ள ஹதீஸை மட்டும் நம்மில் பலர் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அபூதாவூதில் வரும் அதே ஹதீஸ், ஏழு வயதில் ஏவச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று வருஷம், வேளைக்கு ஒருமுறை என்றாலும் ஐயாயிரம் தடவைக்கு மேல் அன்பாகச் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வயதில் ஒருநாளும் கைபிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போகாதவர், பதினைந்து வயதுப் பிள்ளைமேல் கை ஓங்குவதற்கு இந்த ஹதீஸை ஆதாரம் காட்டுவது பொருந்தாது. காயப்படுத்தும் அடியையும் முகத்தில் அடிப்பதையும் ஃபிக்ஹு நூல்கள் தடுத்தே இருக்கின்றன. பலனில்லை என்று தெரிந்தால் அடிக்கவே கூடாது என்றும் நமது இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைச் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பத்து வயதில் சேர்ந்து இருபது வயது வரை! பிள்ளைகள் மிகவும் முரண்டு பிடிக்கும் வருஷங்கள் அத்தனையும் அதில் அடக்கம்.

சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் சிற்றன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். நடு இரவில் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து ஒளுச் செய்து தொழ நின்றதைப் பார்த்து, தாமும் எழுந்து போய் இடப்பக்கம் நின்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைப் பிடித்து வலப்பக்கம் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையை யாரும் எழுப்பவில்லை. வீட்டில் ஒருவர் எழுந்து தொழுவதைக் கண்டது, தானே எழுந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அறையில், சுப்ஹுக்கு விளக்கைப் போட்டுவிட்டு, "வா தம்பி, சேர்ந்து தொழுதுட்டுப் படி" என்று தந்தை அங்கேயே முஸல்லாவை விரித்தால் என்ன? அவனைப் பத்து மணிக்குத் தூங்கவைத்து சுப்ஹோடு எழுப்பினால், நள்ளிரவுப் படிப்பு அதிகாலைப் படிப்பாக மாறிவிடுகிறது. ஓதப்பள்ளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது, அரை மணியாவது போகட்டும். உஸ்தாதிடம் சொன்னால் அவர் குளிப்பு, மாதவிலக்கு, கழா, நோன்பு ஆகிய பாடங்களை மட்டும் எடுத்து நடத்துவார்.

பரீட்சை முடிந்து பிள்ளை வெளியே போய்விட்ட வீடுகளில், விட்டுப்போன தொழுகைகளை என்ன செய்வது என்று இப்போது கேட்கக்கூடும். பருவமடைந்த நாளைச் சரியாக நினைவுபடுத்த முடியாவிட்டால், பாலிகானது நிச்சயமாகத் தெரியும் காலத்திலிருந்து கணக்கு வைத்து, விட்டது போதுமான அளவு நிறைவேறிவிட்டது என்று மனம் ஒப்பும் வரை கழாத் தொழ வேண்டும். ஒவ்வொரு வேளை பர்ளோடும் அதே வேளையின் கழா ஒன்றைச் சேர்த்துத் தொழுதுவந்தால், ஒரு வருஷத்துக் கடன் ஒரு வருஷத்தில் தீர்கிறது. விடுமுறை நாட்களில் கூடுதலாகத் தொழுதால் அதற்கும் முன்பே தீரும். விடுதியில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வாரந்தோறும் பேசும்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதோடு, இந்தக் கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.