மூட்டுக்குப் போடும் மாத்திரைகள் போதாதா, கொழுப்புக்கும் ஒன்றா?

கேள்வி: எனக்கு வயது 54. 11 வருடங்களாக முடக்குவாதம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுக்கிறேன். வலி அதிகமானால் டாக்டர் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு தருவார். பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 148, எச்.பி.ஏ.1.சி. 5.9 என்று வந்தது. என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. ஸ்டாட்டின் போட்டால் தசை வலி வரும், சர்க்கரை வரும், ஈரல் கெடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. இதற்கு மேல் இன்னொரு வலியைத் தாங்க முடியாது. நெஞ்சுவலி எதுவும் எனக்கு இல்லை. எண்ணெயைக் குறைத்து, நடந்து சமாளிக்கக் கூடாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், அந்த மாத்திரையைப் போடுங்கள் என்பதே என் பதில். ஆனால் பயந்துபோய்ப் போட வேண்டாம், கணக்குத் தெரிந்து போடுங்கள். வலியோடு வாழும் ஒருவர் இன்னொரு வலிக்கு அஞ்சுவது நியாயம். அதனால் உங்கள் பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

மூட்டு நோய்க்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

முடக்குவாதத்தில் அழற்சி விரல் மூட்டோடு நிற்பதில்லை. அதே அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் சுற்றி, ரத்தக்குழாயின் உட்சுவரையும் புண்படுத்துகின்றன. புண்பட்ட சுவரில் எல்.டி.எல். கொழுப்பு எளிதாகப் படிகிறது. படிந்த கொழுப்புத் திட்டும் சீக்கிரம் வெடிக்கக்கூடியதாக ஆகிறது. அதனால்தான் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் அபாயத்தைக் கணக்கிடும்போது, வழக்கமாக வரும் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுமாறு ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பான யூலார் சொல்கிறது. 2018-இல் வெளியான அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலும் முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற நீடித்த அழற்சி நோய்களை அபாயத்தைக் கூட்டும் காரணிகளாகச் சேர்த்திருக்கிறது. தெற்காசியராக இருப்பதும், தந்தைக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருப்பதும் அதே பட்டியலில் உண்டு. உங்களுக்கு மூன்றும் பொருந்துகின்றன. பிரஷர் தனி.

நெஞ்சுவலி இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். முடக்குவாத நோயாளிகளுக்கு வலி தெரியாமலே மாரடைப்பு வந்துபோவது மற்றவர்களைவிட அதிகம். அறிகுறி இல்லை என்பதால் மட்டும் அபாயம் இல்லை என்று இருந்துவிட முடியாது.

உங்கள் ரிப்போர்ட்டில் மறைந்திருக்கும் ஒன்று

காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி அதுதான். மூட்டு அழற்சி இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதற்கு அது அடையாளம். அழற்சி கொதிக்கும் காலத்தில் ரத்தத்தில் எல்.டி.எல். அளவு தணிந்து காட்டும், அபாயமோ கூடியிருக்கும். நோய் அடங்கிய பிறகு அளவு ஏறக்கூடும். டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் போன்ற வாத மருந்துகளைத் தொடங்கியவர்களிடம் இதைத் தெளிவாகவே பார்க்கிறோம். ஆகவே 148 என்பது உங்களுடைய உண்மையான அளவைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மூட்டு நோய் அடங்கியிருக்கும் ஒரு சமயத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. உங்கள் இதயத்துக்கு முதல் மருந்து, மூட்டு அழற்சியை அடக்குவது. ஸ்டாட்டின் அதற்கு மாற்று ஆகாது. 2004-இல் கிளாஸ்கோவில் 116 முடக்குவாத நோயாளிகளிடம் அட்டார்வாஸ்டாட்டின் 40 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. குறைந்தது, மூட்டு வீக்கமும் ஓரளவு குறைந்தது. ஆனால் வாத மருந்தை விட்டுவிடும் அளவுக்கு அல்ல. மெத்தோட்ரெக்ஸேட் அளவைக் கூட்டுவதா, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா என்று உங்கள் வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அழற்சி அடங்கினால் ஸ்டீராய்டு தேவையும் குறையும். ஸ்டீராய்டு குறைந்தால் பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் வகை வலி மாத்திரைகள் ஏதேனும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவையும் இதய அபாயத்தைக் கூட்டுபவை.

லாபம் எவ்வளவு?

உங்களைப் போன்ற 100 பேரை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு வழக்கமான கணக்கில் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முடக்குவாதத்துக்காக ஒன்றரையால் பெருக்கும்போது அது 12 ஆகிறது. எல்.டி.எல். சுமார் 39 புள்ளி குறைந்தால் இந்த அபாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. மிதமான அளவு ஸ்டாட்டின் உங்கள் 148-ஐ 100-க்கும் கீழே கொண்டுவர வாய்ப்புண்டு. அப்போது அந்த 12 பேர் 8 அல்லது 9 ஆகிறார்கள். அதாவது 100-இல் மூன்று பேர் தப்புகிறார்கள். 88 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் ஒன்றும் வந்திருக்காது. இதுதான் நேர்மையான கணக்கு. அந்த மூவரில் நீங்கள் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அப்பாவின் மாரடைப்பையும் சேர்த்தால் உங்கள் அபாயம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

முடக்குவாத நோயாளிகளிடம் மட்டுமே நடந்த பெரிய ஆய்வு, பிரிட்டனின் ‘ட்ரேஸ் ஆர்.ஏ.’. சுமார் 3,000 பேர் கலந்துகொண்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களுக்கே மாரடைப்பு வந்ததால் அது பாதியில் நிறுத்தப்பட்டது. அட்டார்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் இதய பாதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தெரிந்தாலும், ஆய்வு முன்னதாக நின்றதால் அதை உறுதியான நிரூபணமாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு வேண்டிய ஒரு விஷயம் அதில் இருக்கிறது. ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் பக்கவிளைவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை.

நடையும் உணவும் கட்டாயம் வேண்டும். அவற்றால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கலாம். உங்கள் நிலையில் அது மட்டும் போதாது.

தசை வலி வந்தால்?

2022-இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேர் தசை வலியோ பலவீனமோ சொன்னார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். மருந்தால் வரும் வலி உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வரும்.

உங்களுக்குள்ள உண்மையான சிக்கல், எந்த வலி எதனால் என்று பிரித்தறிவதுதான். முடக்குவாத வலி விரல், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் வீக்கத்தோடும் காலை இறுக்கத்தோடும் வரும். ஸ்டாட்டின் வலி இரு தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் ஆகிய தசைகளில் வரும். மூட்டு வீங்காது. ஸ்டீராய்டால் வரும் தளர்ச்சியில் வலி அவ்வளவு இருக்காது, தரையிலிருந்து எழத்தான் சிரமப்படுவீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மாத்திரையைத் தொடங்கும் முன் சி.கே. என்ற தசை என்சைம், ஈரல் பரிசோதனை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்.டி.எல். ஏறும், தசையும் வலிக்கும். இப்போது எங்கெங்கே வலிக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும் வாரத்திலோ வாத மருந்தை மாற்றும் மாதத்திலோ ஸ்டாட்டினைத் தொடங்காதீர்கள், எது எதனால் என்று தெரியாமல் போகும். ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு அளவில் சேரும் என்பதால் 5 மி.கி.-இல் தொடங்குவதே முறை. புதிய தசை வலி வந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பாருங்கள். வலி போனால் குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்கலாம். போகாவிட்டால் காரணம் வேறு. சிறுநீர் கறுத்தாலோ, கையைத் தூக்கவும் படியேறவும் முடியாத பலவீனம் வந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஈரலும் சர்க்கரையும்

மெத்தோட்ரெக்ஸேட்டும் ஸ்டாட்டினும் சேர்ந்தே கொடுக்கப்படுகின்றன. மெத்தோட்ரெக்ஸேட்டுக்காக எப்படியும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனை செய்துகொள்கிறீர்கள். அதே பரிசோதனை இதற்கும் போதும். ஈரல் என்சைம்கள் இயல்பு அளவின் உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்கு தாண்டினால்தான் நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பின்னாளில் லெஃப்ளுனோமைடு சேர்த்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். அது ரோசுவாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றும்.

சர்க்கரை விஷயத்தில் உங்கள் பயத்தில் உண்மை உண்டு. 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களுக்கே வருகிறது. 5.9 என்றால் நீங்களும் எல்லையில்தான் இருக்கிறீர்கள். அதற்காக மாத்திரையை விடுவது சரியல்ல. எல்லையில் நிற்பவர்களிடமும் தடுக்கப்படும் மாரடைப்புகளே அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். ஸ்டீராய்டைக் குறைக்க வழி தேடுங்கள்.

எல்லா முடக்குவாத நோயாளிகளும் ஸ்டாட்டின் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 35 வயதில், நோய் அடங்கி, பிரஷரோ குடும்ப வரலாறோ இல்லாத ஒருவருக்குப் பொறுத்திருக்கச் சொல்வேன். முடிவு எடுக்க முடியாத இடைநிலையில் உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாயின் கால்சியம் அளவைக் காட்டும் சி.டி. ஸ்கேன் உதவும். உங்களுக்கு அது அவசியமில்லை. தொடங்கி இரண்டு மாதத்தில் எல்.டி.எல். பாருங்கள். பிறகு வருடந்தோறும் இந்த முடிவை டாக்டரோடு பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. ஸ்டென்ட் வைத்த பிறகு ரோசுவாஸ்டாட்டின் எடுக்கிறார். சோரியாசிஸ் அதிகமாகி, தோல் டாக்டர் சைக்ளோஸ்போரின் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடாது. சைக்ளோஸ்போரின் சேர்ந்தால் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் ஏறக்குறைய ஏழு மடங்கு ஏறும். தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். சைக்ளோஸ்போரினைத் தொடங்கும் முன் தோல் டாக்டரிடம் ஸ்டென்ட் பற்றியும் இந்த மாத்திரை பற்றியும் சொல்லுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் இன்றே இரு டாக்டர்களையும் கூப்பிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டின் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் தோல் மருந்துதான். சோரியாசிஸுக்கு வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: வயது 29. லூபஸ் நோய்க்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டினும் எடுக்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, சேலம்

பதில்: கர்ப்பத்துக்கு முயலும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களைப் போன்ற பெரும்பாலோருக்கு ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு, பிரசவமும் தாய்ப்பால் காலமும் முடிந்தபின் மறுபடி யோசிப்பது வழக்கம். மாத்திரையோடு இருக்கும்போதே கர்ப்பம் தரித்துவிட்டால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் லூபஸ் சீறாமல் காப்பது அதுதான். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருந்து, அதன்பின் கருத்தரிப்பதே தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு.