அம்மைச் சொல்லாட்சிகளில் நோயறிவும் நோய்க்காப்பும்

திறவுச்சொற்கள்: அம்மை, முத்து, தலைக்கு ஊற்றுதல், அக்கி, அம்மைப்பால்

முன்னுரை

ஒரு சமுதாயம் நோயை எவ்வாறு அறிந்திருந்தது என்பதை அது நோய்க்கு இட்ட பெயர்களும் அந்நோய் குறித்துக் கையாளும் வினைச்சொற்களும் காட்டும். தாயையும் தெய்வத்தையும் குறிக்கும் சொல்லே நோய்க்கும் பெயராகிய அம்மை, தமிழில் இதற்குத் தக்க சான்றாகும். இப்பெயரைத் தெய்வ நம்பிக்கையின் வெளிப்பாடு என்று கண்டு அத்துடன் நிறுத்திக்கொள்வது போதாது. அம்மையைச் சூழ்ந்த சொற்களில் பொதிந்துள்ள நோயறிவு எவ்விடத்தில் மருத்துவ அறிவோடு ஒத்துச் செல்கிறது, எவ்விடத்தில் பிறழ்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பாகுபாடும்

பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என்னும் பெயர்கள் உடலின் மேல் தோன்றும் வடிவத்தை அடியாகக் கொண்டு ஒரே இனமாக வகுக்கப்பட்டவை. மணலை வாரி இறைத்தாற்போலப் பொடிப்பொடியாகத் தோன்றுவதால் தட்டம்மைக்கு மணல்வாரி என்னும் பெயரும் வழங்குகிறது. மருத்துவ நோக்கில் இவை உறவற்ற நோய்கள். மூன்றையும் உண்டாக்கும் வைரஸ்கள் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சார்ந்தவை. தட்டம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது பொன்னுக்குவீங்கியின் வைரஸ். வழக்குமொழியோ அவ்விரண்டையும் பெரிதும் தொடர்புபடுத்துவதில்லை.

வட்டார வேறுபாடு இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. தமிழகத்தில் சின்னம்மை எனப்படுவதை இலங்கைத் தமிழர் கொப்புளிப்பான் என்பர். அங்குச் சின்னமுத்து என்றால் அது தட்டம்மை. பொன்னுக்குவீங்கி அங்குக் கூகைக்கட்டு. ‘சின்ன’ என்னும் ஒரே அடை பாக்கு நீரிணையின் இருகரையிலும் இருவேறு நோய்களைச் சுட்டுவதால், நலவாழ்வுக் கையேடுகளைத் தொகுப்போரும் அகராதி ஆக்குவோரும் இதில் இடறுதல் எளிது.

வினைகளில் உறையும் காப்புமுறை

பெயரைக் காட்டிலும் வினைகளே ஆய்வுக்கு வளமானவை. அம்மை போட்டிருக்கிறது, அம்மை வார்த்திருக்கிறது, அம்மை இறங்கிவிட்டது என்பனவே வழக்கு. நோய் என்னும் சொல் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. கொப்புளமும் முத்து என்றே மங்கலமாகச் சொல்லப்படுகிறது. வந்திருப்பவள் தாய் ஆதலின் அவளைச் சினமூட்டலாகாது என்பது இவ்வழக்கின் உட்கிடை. அதன்வழி எழும் விலக்குகள் பல: வாயிலில் வேப்பிலை செருகப்படும், அயலார் வரமாட்டார், வீட்டார் பிற வீடுகளுக்குச் செல்லார், அடுப்பில் தாளித்தல் இராது.

இவற்றுள் வேப்பிலை ஓர் அறிவிப்புப் பலகையின் பணியைச் செய்கிறது. எழுத்தறியாதாரும் அதனைப் படித்து விலகிச் செல்வர். தலைக்கு ஊற்றுதல் என்னும் சடங்கோ விலக்கின் முடிவைக் குறிக்கிறது. முத்துகள் காய்ந்த பின்னர், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரை ஊற்றுவர். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என அது படிப்படியாக நிகழும். கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டும் வரை சின்னம்மை பிறருக்குத் தொற்றும் என்பது மருத்துவம் கூறுவது. இரண்டும் ஒரே எல்லையில் வந்து நிற்பது தற்செயலன்று. நெடுங்காலப் பட்டறிவின் பயன் எனக் கொள்ளுதல் தகும். ஆயினும் கொப்புளம் தோன்றுதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தோன்றாத அந்நாள்களுக்கு வழக்கில் சொல் இல்லை. ஆகவே விலக்கும் இல்லை.

அக்கி என்னும் விடுபாடு

வழக்குமொழியின் பாகுபாடு மிகுதியும் பிறழுமிடம் அக்கி. சின்னம்மை நீங்கிய பின்னரும் அதன் வைரஸ் நரம்புக் கணுக்களில் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குன்றும்போதோ உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளித்து எழுவதே அக்கி. நோய் ஒன்று, வருகை இரண்டு. வழக்கிலோ அக்கி தாயின் வருகை அன்று. அதற்கு வேப்பிலை இல்லை, விலக்கும் இல்லை. மட்பாண்டம் வனைவோரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்வதே மரபு.

அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், சின்னம்மை வராத குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் சின்னம்மை வரக்கூடும். ஒரே வைரஸ் அம்மை எனப் பெயர் பெற்றபோது வீடே அடைபட, அக்கி எனப் பெயர் பெற்றபோது பாட்டியின் மடியில் பேரப்பிள்ளை கிடக்கிறது. மேலும், வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை அக்கி தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குதலே சிறப்பு; கண்ணை ஒட்டி எழுந்தால் காலத்தாழ்வு பார்வைக்கே கேடாகலாம். எழுதிக் காத்திருக்கும் நாள்களில் இக்காலம் கழிந்துவிடுகிறது.

தாய்க்கு மருந்து கொடுக்கலாமோ என்னும் தயக்கம் அம்மையிலும் இத்தகைய விளைவையே தருகிறது. சின்னம்மை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே ஆறும். வளர்ந்தோருக்கு அவ்வாறு உறுதி கூற இயலாது. அவர்களுக்குக் கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே மருந்து தொடங்குதல் நன்று. தட்டம்மை நுரையீரல் அழற்சியில் கொண்டுவிடலாம். உயிர்ச்சத்து ஏ குறைந்த குழந்தையின் கண்ணொளியையும் பறிக்கலாம். அது கருதியே தட்டம்மையுற்ற குழந்தைகளுக்கு அடுத்தடுத்த இரு நாள்களில் அச்சத்து அளிக்கப்படுகிறது. ‘அம்மைதானே’ என்னும் ஒரு சொல் இத்தனை வேறுபாட்டையும் மூடிவிடுகிறது.

அம்மைப்பால்

பெயரின் இவ்வாற்றலைத் தடுப்பு மருத்துவம் பரப்ப முனைந்தோர் முன்பே உணர்ந்திருந்தனர். ஜென்னர் 1796-இல் கண்டறிந்த பசு அம்மைத் தடுப்புமுறையை மக்கள் ஏற்கும்பொருட்டு, சென்னையின் ஆட்சியர் எல்லிஸ், சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாகத் தமிழில் ஒரு கதையை ஆக்கினார். தடுப்புமருந்து பசுவின்வழித் தெய்வம் அருளிய கொடையாக அதில் உருக்கொண்டது. நம்பிக்கையை இவ்வாறு கருவியாக்கியது நேர்மையா என்பது தனி வினா. தடுப்பு மருந்துக்கு அம்மைப்பால் என்னும் சொல் தமிழில் நிலைபெற்றதும் குறிக்கத்தக்கது. அம்மை என்னும் பெயர் அச்சொல்லில் பகையாக்கப்படவில்லை. தாய் தரும் பாலாகவே தடுப்பு மருந்து ஏற்கப்பட்டது. இன்றைய தடுப்பூசி என்னும் சொல் தெளிவானது, எல்லா நோய்க்கும் பொதுவானது. அவ்வுறவு அதில் இல்லை.

பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக 1980 மே 8 அன்று உலக நலவாழ்வுப் பேரவை அறிவித்தது. உயிர்கொல்லும் அந்நோய்க்காக உருவான விலக்கும் அச்சமும் மங்கலவழக்கும் அதனோடு மறையவில்லை. அவை அனைத்தும் இன்று சின்னம்மையின் உடைமையாய் நிற்கின்றன. அக்கிக்கு அவற்றுள் ஒன்றேனும் வந்து சேரவில்லை.