நாடி 48 என்றால் அஞ்ச வேண்டுமா?

நவம்பர் மாதம் எங்கள் கிளைகளில் ஓய்வூதியர் கூட்டம் மிகும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வரும் பெரியவர்கள், படிவத்தில் கையொப்பமிட்ட கையோடு தம் உடல்நிலையையும் நம்மிடம் சொல்லிச் செல்வது வழக்கம். மும்பை செம்பூரில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், ரயில்வேயில் ஓய்வு பெற்ற 71 வயதுப் பெரியவர் ஒருவர் அவ்வாறு சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது. “நாடி 48 என்று எழுதிவிட்டார்கள், சார். எல்லாம் பிரஷர் மாத்திரையால்தான் என்று மகன் படித்துச் சொன்னான். மூன்று நாளாக அதை நிறுத்திவிட்டேன்” என்றார்.

நாம் மருத்துவர் அல்லர். மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவரை அன்றே பார்க்குமாறு வற்புறுத்துவது ஒன்றே எங்களால் இயன்றது. அதன்பின் இப்பொருள் குறித்து நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இதயம் துடிப்பது இயல்பு. 60-க்குக் கீழே சென்றால் அதனைப் ‘பிராடிகார்டியா’ என்பர். இச்சொல்லுக்கு மெதுவான துடிப்பு என்பதே பொருள். அது தன்னளவில் ஒரு நோயின் பெயரன்று. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு 40-களில் நாடி இருப்பதுண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் நம்மில் பலருக்கும் அவ்வளவு குறையும். எண்ணைவிட, அவ்வெண்ணுடன் தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல், காரணமற்ற சோர்வு ஆகியவை சேர்ந்துள்ளனவா என்பதையே மருத்துவர் முதலில் கேட்பார்.

ஒரு நாளின் இருப்புத் தொகையைக் கொண்டு ஒருவரின் கணக்கை மதிப்பிட இயலாது என்பதை வங்கியில் இருப்போர் அறிவர். இ.சி.ஜி. என்பது சில விநாடிகளின் பதிவு மட்டுமே. ஆகவேதான், தேவை எனில், 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ‘ஹோல்டர்’ கருவியை மார்பில் பொருத்தி அனுப்புகின்றனர். அது நாள் முழுவதற்குமான கணக்கு அறிக்கை போன்றது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு மெதுவாகும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்வதுண்டு.

வீட்டில் நாடி பார்ப்போர் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கட்டைவிரலை விடுத்து மற்ற இரு விரல்களை மணிக்கட்டில் வைத்து, முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இடையிடையே வரும் மிகைத்துடிப்புகள் சில சமயம் மணிக்கட்டை எட்டுவதில்லை. அதனால் கையாலும் விரலில் மாட்டும் கருவியாலும் எண்ணும்போது உண்மையைவிடக் குறைந்த எண் கிடைக்கக்கூடும்.

இனி மருந்துகள். இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுவே துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் முதலிய பீட்டா தடுப்பு மருந்துகளும், டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் ஆகியனவும் துடிப்பை மெதுவாக்கும். பல நோயாளிகளுக்கு அவ்வாறு மெதுவாக்குவதே அம்மருந்தின் நோக்கம். எனவே, நாடி குறைந்ததைக் கண்டவுடன் மருந்து தீங்கு செய்துவிட்டது எனக் கொள்வது பிழையாகலாம். அதே வேளையில், கவலை வெறும் மனப்பிரமை எனத் தள்ளத் தக்கதும் அன்று. அட்டெனோலால் பெரிதும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. முதுமையில் சிறுநீரகத்தின் திறன் குறைந்தால் பழைய அளவே மிகையாகிவிடும். கை கால் சில்லிடுதல், சோர்வு, தெளிவான கனவுகள் ஆகியனவும் இவ்வகை மருந்துகளின் பக்கவிளைவுகளே. நீரிழிவு உள்ளோருக்குச் சர்க்கரை தாழும்போது தோன்றும் படபடப்பை இவை மறைத்துவிடக்கூடும்.

எனினும், பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது பக்கவிளைவைவிடக் கொடியதாகலாம். இரத்த அழுத்தம் ஏறும். இதய நோயுள்ளோர்க்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட நேரலாம். அளவைக் குறைப்பதாயினும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைப்பர். செம்பூர்ப் பெரியவரின் மூன்று நாள் துணிவு எங்களை அச்சுறுத்தியது இதனால்தான்.

அவருக்கு உண்மையில் நேர்ந்தது வேறு. கண் அழுத்த நோய்க்காக டிமோலால் சொட்டு மருந்தை இரு மாதங்களாக இட்டு வந்திருக்கிறார். அதுவும் பீட்டா தடுப்பு மருந்தே. கண்ணில் விட்ட துளி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கிற்குச் சென்று, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும். கண் மருத்துவருக்கு மாத்திரை தெரியாது; இதய மருத்துவருக்குச் சொட்டு மருந்து தெரியாது. ‘மருந்து’ என்று கேட்டபோது பெரியவர் விழுங்குவதை மட்டுமே சொன்னார்! இரு மருத்துவர்களும் கலந்து பேசிச் சொட்டு மருந்தை மாற்றினர். மாத்திரை மீண்டும் தொடங்கிற்று. சில வாரங்களில் நாடி 60-ஐத் தாண்டியது.

எல்லோருக்கும் இவ்வளவு எளிதில் முடிவதில்லை. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் தடைப்பட்டால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். 1958-இல் சுவீடனில் உடலினுள் முதன்முதலாக அக்கருவி பொருத்தப்பெற்ற ஆர்னே லார்சன், 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். மயங்கி விழுதல், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல் ஆகியவை இருப்பின் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு சொல்: நாடி குறைவு என்று ஏற்கெனவே கண்டறியப்பட்டிருப்பின் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. மறைத்த செய்தி பின்னர் வெளிப்பட்டால் கோரிக்கையே மறுக்கப்படலாம்.

அடுத்த நவம்பரில் பெரியவர் மீண்டும் வந்தார். பாஸ்புக் உறையினுள் மடித்த தாள் ஒன்று இருந்தது. மாத்திரை, சொட்டு மருந்து, களிம்பு, மூட்டுவலிக்கு வாங்கும் நாட்டு மருந்து, ஒவ்வொன்றின் அளவு, வேளை என எல்லாம் மகனின் கையெழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.