டீசல் வண்டிக்கு ஹைட்ரஜன் பெட்டி வேண்டுமா?

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் பெட்டியை டீசல் வண்டியில் பொருத்தினால் மைலேஜ் அபாரமாய்ப் பெருகுமென்று சொல்வோரிடம் பணத்தை நீட்டுமுன், அப்பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்தும், அதைச் சுழற்றும் சக்தி அதே டீசலிலிருந்தும் வருவதால், வழிநெடுக நஷ்டப்பட்டு எஞ்சும் வாயு தான் விழுங்கிய எண்ணெயை ஈடுசெய்யாதென்பதைச் சற்றே யோசிப்பது உசிதம். அதில் ஊற்றும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோ தோலை அரிக்கும். கசியும் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

அந்தப் பணத்தில் தூசியடைத்த ஏர் ஃபில்டரை மாற்றி, கரும்புகை வந்தால் இன்ஜெக்டரைச் சோதித்து, டயர் சூடேறுமுன் காலையிலேயே காற்றழுத்தம் பார்த்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி பிரேக் உரசுகிறதா என்றும் கவனித்தால் பிரத்தியட்சமான மிச்சம் உண்டு. மைலேஜைக் கணக்கிட, ஒரே பங்க்கில் இருமுறை டாங்க்கை முழுதாய் நிரப்பி, இடையே ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள்.