பேஸ் கித்தாரைத் தேர்ந்தெடுத்தல்

இளையராஜாவின் பாடல்களை அடியில் நின்று தாங்கும் மந்தர ஒலியில் மனம் பறிகொடுத்து, மின்சார பேஸ் கித்தார் வாங்க விழையும் நண்பர்க்குச் சில கூறுவாம். தீக்குச்சி அடுக்கியும் பட்டாசுக் குழாய் சுருட்டியும் பெற்றோர் ஈட்டிய கூலியன்றோ கடைக்குச் செல்வது! விலை குறைந்த கருவியில் மெருகைக் கண்டு மயங்கலாகாது.

1951-இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த கருவியில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம்; இன்றும் பெரும்பாலானவை அவ்வளவினவே. நான்கு தந்திகளுள் தடித்தது விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். இத்தடித்த தந்திகளின் இழுப்பையெல்லாம் தாங்குவது கழுத்து. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வறண்ட காற்று பட்டாசுத் தொழிலுக்கு உகந்தது, மரத்துக்கோ அன்று. மரம் ஈரமிழந்து சுருங்குங்கால் மெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு கையைக் கீறும். ஆதலின் முதற்கண் கழுத்தின் இருபுறமும் விரலால் தடவுக. பின்னர் ஒரு கண்ணை மூடி அதனை நெடுக நோக்குக. சிறு வளைவாயின் உள்ளிருக்கும் எஃகுக் கோலைத் திருகிச் செம்மை செய்யலாம். முறுக்கிக்கொண்டதாயின் இனாமாகத் தரினும் வேண்டா.

அடுத்து, 12-ஆம் மெட்டின்மேல் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுக; அங்கேயே அழுத்தியும் மீட்டுக. ஒலி இரண்டும் ஒத்தல் வேண்டும். சிறிது பிறழ்ந்தாற் குதிரையிலுள்ள திருகு திருத்திவிடும்.

நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சியைச் சிவகாசி அச்சகத்தார்க்கே விடுவோம். கை சிறியவர்க்கு 30 அங்குல அளவினது எளிது. கையிருப்பில் ஒரு பங்கை ஒலிபெருக்கிக்கென ஒதுக்குக. சாதாரணக் கித்தாருக்குரிய சிறு பெருக்கியில் இதனை இணைத்து உரக்க வாசிப்பின், அதன் ஒலிக்கூம்பு பழுதுறும்.