ரோமாபுரியின் பழஞ்சமயச் சடங்குகளும் கத்தோலிக்க மரபுகளும்

பிற சமயத்தாரின் வழிபாட்டு முறைகளை அறிந்துகொள்ளுதல் நம் நெறியினின்று விலகுதல் ஆகாது. எப்பொருளையும் பல கோணங்களில் நின்று நோக்குக என்பதே அநேகாந்தம் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம். அவ்வகையில், கிறித்துவத்திற்கு முன் ரோமாபுரியில் நிலவிய பழஞ்சமயத்திற்கும், பின்னர் அதே நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையே காணப்படும் சடங்கு ஒப்புமைகளை இவ்விதழில் ஆராய்வோம். எச்சமயத்தையும் தாழ்த்துதல் நம் நோக்கமன்று. ஒரு சடங்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெளிதலே நோக்கமாகும்.

முதற்கண் பெயர் பற்றி ஒரு சொல். பழைய தெய்வங்களை வழிபட்டோரை ஐரோப்பியர் 'பேகன்' என்பர். இது 'பாகானுஸ்' எனும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. நாட்டுப்புறத்தான் என்பது அதன் பொருள். 4ஆம் நூற்றாண்டில் கிறித்துவர்கள் அச்சொல்லைப் பிற சமயத்தாருக்குப் பெயராக வழங்கத் தொடங்கினர். யூப்பிட்டரையும் மினெர்வாவையும் வணங்கியோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று அது. வேதத்தை ஒப்பாமையால் நம்மைப் பிறர் 'நாத்திகர்' எனச் சுட்டியதை ஈண்டு நினைவு கூரலாம். ஆதலின் இக்கட்டுரையில் 'பழஞ்சமயம்' என்றே குறிப்போம்.

காணக் கிடைக்கும் ஒப்புமைகள்

இடத்தால் வரும் ஒப்புமை முதலாவது. ரோமாபுரியில் உள்ள பாந்தியன் எனும் பெருங்கோயில், 2ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் இன்றைய வடிவில் எழுந்தது. கி.பி. 609இல் பேரரசர் போக்காஸின் இசைவு பெற்று, நான்காம் போனிபாஸ் எனும் போப்பாண்டவர் அதனை மரியன்னைக்கும் மறைசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாக ஆக்கினார். சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரப் பேராலயத்தின் சுவர்களில், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அத்தீனா கோயிலின் பெருந்தூண்கள் இன்றும் நிற்கின்றன.

காணிக்கையால் வரும் ஒப்புமை இரண்டாவது. ரோமாபுரியின் நடுவே ஓடும் டைபர் ஆற்றின் தீவில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எஸ்குலாப்பியஸ் எனும் மருத்துவத் தெய்வத்திற்குக் கோயில் எழுந்தது. பிணி நீங்கியோரும் நீங்க வேண்டியோரும் கை, கால், கண் முதலிய உறுப்புகளின் சுடுமண் உருவங்களை அங்கே செலுத்தினர். ஆற்றுப் படுகையினின்று அவை மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அத்தீவில் இன்று புனித பர்த்தலோமேயு ஆலயம் உள்ளது. 16ஆம் நூற்றாண்டு முதல் துறவியர் நடத்தத் தொடங்கிய மருத்துவமனையும் உள்ளது. கத்தோலிக்கத் திருத்தலங்களில் வெள்ளியினாலும் மெழுகினாலும் உறுப்பு உருவங்களைச் செலுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. நம் வேளாங்கண்ணியில் அதனைக் கண்டோர் நம்மவருள் பலர்.

நாளால் வரும் ஒப்புமை மூன்றாவது. பேரரசர் ஆரேலியன் கி.பி. 274இல் 'வெல்லப்படாத ஞாயிறு' எனும் தெய்வத்திற்கு ரோமாபுரியில் கோயில் எடுத்தார். கி.பி. 354ஆம் ஆண்டைச் சார்ந்த ரோமாபுரி நாட்குறிப்புத் தொகுப்பு ஒன்றில், டிசம்பர் 25ஆம் நாள் ஓரிடத்தில் அந்த ஞாயிற்றின் பிறந்தநாளாகவும், மற்றோரிடத்தில் கிறித்து பிறந்தநாளாகவும் குறிக்கப்பட்டுள்ளது.

இவையன்றித் தூபம், தீபம், தெளிக்கும் தீர்த்தம், மலர் மாலை, ஊர்வலம் ஆகியனவும் இரு சாராரிடமும் காணப்படுவன. இவை பெரும்பாலான சமயங்களுக்குப் பொதுவாதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பட்டியல் ஒன்று, முடிவு இரண்டு

இவ்வொப்புமைகளை முதலில் கண்டவர் இக்காலத்தார் அல்லர். 2ஆம் நூற்றாண்டினரான ஜஸ்டின் எனும் கிறித்துவ அறிஞர், மித்ரா வழிபாட்டினர் தம் சடங்கில் அப்பமும் நீரும் வைப்பதைக் கண்டு, தீய ஆவிகள் எம் சடங்கைப் பார்த்துச் செய்வித்தவை இவை என்று எழுதினார். பிற்காலத்தில் வாதம் தலைகீழாயிற்று. கி.பி. 1729இல் கானியர்ஸ் மிடில்டன் எனும் ஆங்கிலப் புராட்டஸ்டண்டு அறிஞர், ரோமாபுரியினின்று எழுதும் மடல் என்ற வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். தூபம், தீர்த்தம், விளக்கு, காணிக்கை என வரிசையாக எடுத்துக்காட்டிக் கத்தோலிக்க வழிபாடு பழஞ்சமயத்தின் தொடர்ச்சியே என்று குற்றம் சாட்டினார்.

கி.பி. 1845இல் ஜான் ஹென்றி நியூமன், கிறித்துவக் கொள்கையின் வளர்ச்சி பற்றி எழுதிய நூலில் ஏறத்தாழ அதே பட்டியலைத் தாமே தந்தார். இவை பழஞ்சமயத்தினின்று வந்தவையே என ஒப்புக்கொண்டு, திருச்சபை ஏற்றமையால் அவை தூய்மை பெற்றன என்றார். அவ்வாண்டிலேயே அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

ஒரே சான்று ஒருவருக்குக் குற்றமாகவும் மற்றொருவருக்குப் பெருமையாகவும் தோன்றியது. ஆகவே, ஒப்புமை இருத்தல் என்பது மட்டும் எதனையும் முடிவு செய்யாது என்பது பெறப்படும். முடிவு செய்வது யாது? தூபத்தின் வரலாறு அதற்கு விடை தருகிறது.

தூபம் மாறிய வரலாறு

கி.பி. 112ஐ ஒட்டிய காலத்தில், சிற்றாசியாவில் ஆளுநராக இருந்த பிளினி, கிறித்துவர் எனக் குற்றம் சாட்டப்பட்டோரைச் சோதித்த முறையைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். பேரரசர் சிலையின் முன் தூபமும் மதுவும் படைத்து, கிறித்துவைப் பழித்தவர் விடுவிக்கப்பட்டனர். அக்கொள்கையில் உறுதியாக நின்றவர் கொல்லப்பட்டனர். கி.பி. 250இல் பேரரசர் டெசியஸ், குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறுக என ஆணையிட்டார். அச்சான்றிதழ்கள் சில எகிப்து நாட்டின் நாணற்புல் ஏடுகளில் இன்றும் எஞ்சியுள்ளன. அச்சத்தால் தூபம் மட்டும் இட்டுத் தப்பியோரைக் கிறித்துவர் 'தூபம் இட்டோர்' என்றே இழித்துரைத்தனர். ஒரு சிட்டிகைச் சாம்பிராணி அன்று உயிரையும் கொள்கையையும் எடையிடும் தராசாக இருந்தது.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா எனும் பெண்மணி, அங்கே கிறித்துவின் கல்லறைக் குகைக்குள் தூபக்கலசங்கள் கொண்டுவரப்பட்டு ஆலயம் முழுதும் நறுமணம் நிறைந்ததை எழுதி வைத்துள்ளார். புகை மாறவில்லை, அரசனுக்கு அஞ்சி இடுதல் நீங்கித் தாம் நம்பிய இறைவனுக்கு அன்பால் இடுதல் வந்தது.

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜிலான்சியஸ் எனும் குரு, மறைசாட்சிகளின் கல்லறைகளில் பகலிலேயே மெழுகுவர்த்தி ஏற்றுவது பழஞ்சமய வழக்கம் அன்றோ என்று கேட்டார். சிலைகளுக்குச் செய்யப்பட்டபோது வெறுக்கத்தக்கது, மறைசாட்சிகளுக்குச் செய்யப்படும்போது ஏற்கத்தக்கது என்பது ஜெரோமின் மறுமொழி. வினாவும் விடையும் அச்சமயத்தின் உள்ளேயே எழுந்தன என்பது கருதத்தக்கது.

ஓர் அன்னையின் கூடை

அகுஸ்தீனின் தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காவைச் சார்ந்தவர். மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் மதுவும் கூடையில் கொண்டு சென்று படைப்பது அந்நாட்டு வழக்கம். மிலான் நகருக்கு வந்தபோதும் அவ்வாறே சென்றார், வாயிற்காவலர் தடுத்தார். அம்முறை பழஞ்சமயத்தார் தம் முன்னோருக்குச் செய்யும் பெப்ரவரி மாதப் படையலை மிகவும் ஒத்திருந்தமையால் ஆயர் அம்புரோஸ் அதனை விலக்கியிருந்தார். மோனிக்கா சினவாது ஏற்றார். கூடைக்கு மாறாகத் தூய வேண்டுதல்களைக் கொண்டு சென்றார். உணவை ஏழைகளுக்கு ஈந்தார். இதனை அகுஸ்தீன் தம் வாழ்க்கை நூலில் கூறுகிறார்.

ஒரு வழக்கத்தைக் கொள்ளவும் கூடும், தள்ளவும் கூடும், மாற்றவும் கூடும் என்பதற்கு இவ்வன்னை சான்று. படையல் தானமாக மாறியது.

குருதி நீங்கிய பீடம்

நம் நெறியில் நின்று நோக்கின், இவ்வொப்புமைகள் அனைத்தினும் பெரியது ஒரு வேற்றுமை. பழஞ்சமயத்தின் நடுநாயகமாக விளங்கியது உயிர்ப்பலி. ஆடும் மாடும் பன்றியும் பீடத்தின் முன் வெட்டப்பட்டன. கத்தோலிக்கத் திருப்பலியிலோ பீடத்தில் வைக்கப்படுவன அப்பமும் திராட்சை இரசமுமே.

ஏப்ரல் 25ஆம் நாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயிரைக் கெடுக்கும் துருநோய் அணுகாதிருக்க, பழைய ரோமானியர் அந்நாளில் ரோபிகாலியா எனும் விழா எடுத்தனர். நகர்ப்புறத்துச் சோலைக்கு வெண்ணிற ஆடையுடன் ஊர்வலம் சென்று, ஒரு நாயையும் ஓர் ஆட்டையும் பலியிட்டதைப் புலவர் ஓவிட் பாடியுள்ளார். பின்னாளில் கிறித்துவ ரோமாபுரியில் அதே ஏப்ரல் 25இல் பெருமன்றாட்டு ஊர்வலம் நடைபெற்றது. மக்கள் மன்றாட்டுப் பாடிக்கொண்டே நகரின் வட வாயில் வழியே சென்றனர், விளைச்சலுக்காக வேண்டினர். நாளும் ஒன்று, வேண்டுதலும் ஏறத்தாழ ஒன்று. நாயும் ஆடும் மட்டும் பிழைத்தன. 1969ஆம் ஆண்டின் நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் இவ்வூர்வலம் பொது நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது.

எனினும் முழுமையும் கூறுதல் வேண்டும். கி.பி. 601இல் போப்பாண்டவர் முதலாம் கிரெகொரி, இங்கிலாந்து நோக்கிச் சென்ற மெல்லிட்டுஸ் எனும் துறவிக்கு ஒரு மடல் எழுதினார். அங்குள்ள கோயில்களை இடிக்க வேண்டா. சிலைகளை அழித்துத் தீர்த்தம் தெளித்து ஆலயங்களாக ஆக்குக என்றார். தெய்வங்களுக்கு மாடுகளைப் பலியிட்ட மக்கள், இனி விழா நாளில் அவற்றை விருந்துக்காக அறுத்து உண்டு இறைவனுக்கு நன்றி கூறட்டும் என்றும் எழுதினார். பீடத்தில் நின்ற கத்தி அடுக்களைக்கு மாறிற்று. உயிருக்கு அதனால் வேற்றுமை இல்லை.

பலி நின்ற முறையும் எண்ணத்தக்கது. கி.பி. 391இல் பேரரசர் தியோடோசியஸ் சட்டத்தால் பலியைத் தடுத்தார். கோயில்களில் நுழைதலையும் உடன் தடுத்தார். அதற்கு முன் கி.பி. 384இல், ஆட்சி மன்றத்தினின்று அகற்றப்பட்ட வெற்றித் தெய்வத்தின் பீடத்தை மீண்டும் வைக்குமாறு சிம்மக்கஸ் எனும் பழஞ்சமயத் தலைவர் விண்ணப்பித்தார். பேருண்மையை ஒரே வழியால் அடைதல் இயலாது என்பது அவர் வாதம். நம் அநேகாந்தத்தின் சாயல் இதில் இல்லையா? ஆயர் அம்புரோஸ் எதிர்த்தமையால் அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. உயிர்களுக்கு அருள் கிடைத்த அக்காலத்திலேயே மாற்றுக் கருத்துக்கு இடம் குறைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே நடுநிலை.

ஆராய்வோர்க்கு எச்சரிக்கை

ஒப்புமை தேடுவோர் மிகைபடக் கூறுதல் எளிது. மித்ரா டிசம்பர் 25இல் பிறந்தார் எனப் பலரும் எழுதுவர். அதற்குப் பண்டைச் சான்று இல்லை. கிறித்து பிறந்தநாளுக்கே வேறொரு விளக்கமும் அறிஞரிடை உண்டு. மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது திங்கள் கூட்டிக் கணக்கிட்டனர் என்பது அது. பெப்ரவரி 2ஆம் நாளின் மெழுகுவர்த்தி விழா, பெப்ரவரி 15இல் நடந்த லூப்பர்க்காலியாவுக்கு மாற்றாக வந்தது என்பர். ஆனால் இயேசுவைக் கோயிலில் காணிக்கையாக்கிய அத்திருநாள், ரோமாபுரிக்கு வரும் முன்னரே ஜெருசலேமில் கொண்டாடப்பட்டது.

ஆகவே ஓர் ஒப்புமையைக் கண்டவுடன் மூன்று வினாக்களை எழுப்புக. இது ஒன்றினின்று மற்றொன்று நேரே பெற்றதா? மனித இயல்பால் இரண்டிடத்தும் தானே தோன்றியதா? அன்றி, பிற்காலத்தார் கற்பித்ததா? பாந்தியன் முதல் வகை. விளக்கேற்றுதல் பெரும்பாலும் இரண்டாம் வகை. மித்ராவின் பிறந்தநாள் மூன்றாம் வகை.

நமக்குரிய பாடம்

நாம் ஜினாலயத்தில் செய்யும் எண்வகை அர்ச்சனையிலும் நீரும் சந்தனமும் மலரும் தீபமும் தூபமும் உண்டு. அவை நமக்கே உரியவை அல்ல. தீபாவளி நாளில் நாடெங்கும் விளக்கேற்றுகின்றனர். நாம் மகாவீரர் வீடுபேறு அடைந்ததை எண்ணி ஏற்றுகிறோம். ஆதிபுராணம் செய்த ஜினசேனர், பிறப்பு முதலிய சடங்குகளை நம் நெறிக்கு இயைய அமைத்துத் தந்தார். ஆதலின், பிறரை நோக்கி 'இது உங்களுடையது அன்று' எனக் கைநீட்டும் உரிமை எவருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

திரவியம் பொது, பாவமே சிறப்பு. இதனை யசோதர காவியத்தினும் தெளிவாகக் காட்டும் நூல் அரிது. தாய் சந்திரமதியின் சொற்கேட்டு யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியன்று. மாவினால் செய்த கோழி. ஆயினும் கொல்லும் எண்ணம் உள்ளத்தில் நின்றமையால், இருவரும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து பல பிறவிகளில் துன்புற்றனர். வடிவத்தை மாற்றி எண்ணத்தை மாற்றாதார் வினையினின்று தப்பவில்லை. மோனிக்காவோ வடிவத்தோடு எண்ணத்தையும் உயர்த்தினார்.

எனவே, எச்சமயத்தார் சடங்கைக் கண்டாலும், எங்கிருந்து வந்தது என்பதோடு நில்லாமல், அஃது உள்ளத்தை எங்கே செலுத்துகிறது, உயிர்களுக்கு என்ன செய்கிறது என்றும் கேட்போமாக. அவ்விரு வினாக்களையும் முதலில் நம் இல்லத்துச் சடங்குகளிடமே கேட்போமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மிடில்டனும் நியூமனும் ஒரே பட்டியலினின்று வேறு வேறு முடிவு கண்டது எவ்வாறு?
2. கிரெகொரியின் மடலில் உயிர்க்கொலை நின்றதா, இடம் மாறியதா? விளக்குக.
3. யசோதரனின் மாக்கோழியையும் மோனிக்காவின் கூடையையும் ஒப்பிட்டு, திரவியம், பாவம் என்னும் இரண்டின் வேறுபாட்டை இளையோர்க்கு எடுத்துரைக்க.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!