மருந்தின் வீரியம் குறையலாம், கவனம் குறையக்கூடாது

ரத்தப் புற்றுநோயாளிக்குக் கொடையாளரின் ஸ்டெம் செல்லை ஏற்றுவதற்கு முன், கடுமையான கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்து மஜ்ஜையை அடியோடு அழிப்பது வழக்கமான முறை. அறுபதைத் தாண்டியவர்களும் இதயம், நுரையீரல் பலவீனமானவர்களும் அதைத் தாங்குவது கடினம். அவர்களுக்காக வந்ததுதான் வீரியம் குறைத்த முறை. ஃப்ளூடராபினுடன் மெல்ஃபலானோ, அளவு குறைத்த பூசல்ஃபானோ கொடுத்துப் புதிய செல்கள் வேர்பிடிக்க வழி செய்வார்கள். மிஞ்சிய புற்றுச் செல்களைத் தேடி அழிப்பது பெரும்பாலும் கொடையாளரின் வெள்ளணுக்களே. அந்தப் போராட்டம் வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் நடக்கும்.

செய்ய வேண்டியவை

• யாருடைய செல்கள் பொருந்தும் என்று பார்க்க, உடன்பிறந்த எல்லோருக்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை செய்யுங்கள். ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. பொருந்தாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகங்கள் இருக்கின்றன. பாதி பொருந்தும் பெற்றோர், பிள்ளைகளும் கொடுக்கலாம்.

• வீரியம் குறைத்த முறையில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். உங்களுக்கு எது ஏற்றது என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

• எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகளை நேரம் தவறாமல் போடுங்கள். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில், காலை மாத்திரையைப் பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகே விழுங்குங்கள்.

• காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

• தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். கொடையாளரின் செல்கள் உடலையே தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

• சிறுவயதுத் தடுப்பூசிகளை மறுபடியும் போட வேண்டியிருக்கும். அட்டவணை கேட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• கொடையாளராகக்கூடிய உறவினரின் ரத்தத்தை முன்கூட்டியே நோயாளிக்கு ஏற்ற விடாதீர்கள். பிறகு அவருடைய செல்களையே உடல் நிராகரிக்கக்கூடும்.

• காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். தொற்று மறைந்தே வளரும்.

• பம்பளிமாஸ் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் மருந்தின் அளவை அது மாற்றிவிடும்.

• ‘எதிர்ப்புச் சக்திக்கு நல்லது’ என்று யார் கொடுத்தாலும் கஷாயம், லேகியம் வேண்டாம். இங்கே எதிர்ப்புச் சக்தியை அளந்து அடக்கி வைத்திருக்கிறார்கள்.

• வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, கட்டடம் இடிக்கும் இடத்துத் தூசி, தோட்ட மண் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

• முடி வளர்ந்து, உடம்பு தேறிவிட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கொடையாளரின் செல்கள் எவ்வளவு நிலைத்திருக்கின்றன, நோய் தலைதூக்குகிறதா என்பதை ரத்தமும் மஜ்ஜையும்தான் சொல்லும்.